ஸ்டோரில் காயவைத்த பம்பர்

நவம்பர் 12, வெள்ளி

இன்றும் மழை. கராஜ் தரையெல்லாம் ஈரம். தேயிலைத் தோட்டத்தை நிர்வகிக்கும் துரையின் காருக்கு வார்த்த ஃபைபர் பம்பர் இரண்டும் இன்னும் பிசுபிசுப்பு. விரல் வைத்தால் ஒட்டுகிறது. இந்தக் குளிரில் ரெசின் பசை எங்கே இறுகும்?

முப்பது வருஷத்துப் பழைய ஸ்போர்ட்ஸ் கார். இரண்டு பேர்தான் உட்காரலாம். எஞ்சின், சீட், பெயிண்ட் எல்லாம் முடிந்தது. பழைய இரும்பு பம்பர் மட்டும் துருப்பிடித்து இற்றுப் போயிருந்தது. வெளிநாட்டுச் சாமான் வருவதே இல்லை. அதனால் பழையதை அச்சாக வைத்துக் கண்ணாடி நாரில் வார்த்தேன். கை முழுக்க அரிப்பு. சோறு பிசைய முடியவில்லை.

இங்கே மெக்கானிக் என்றால் எல்லாருக்கும் 'பாஸ்'தான், துரைக்கும். வந்து கத்தினார். "பாஸ், அடுத்த சனிக்கிழமை பண்டாரவளை கிளப்புக்குக் கார் போகணும். சாக்குச் சொல்லாதே."

வாங்க வேண்டியது: போல்ட், வாஷர், கறிக்கு வெலிமடை லீக்ஸ். லீக்ஸ் மறந்து மனைவி புஷ்பத்திடம் ஏச்சு.

நவம்பர் 14, ஞாயிறு

புஷ்பத்தின் தம்பி ராஜு துரையின் தோட்டத்தில்தான் டீமேக்கர், தேயிலைத் தூள் செய்யும் ஸ்டோருக்குப் பொறுப்பாளி. தோட்டம் ஹாலிஎலைக்கு மேலே. போய்க் கெஞ்சினேன். இன்று தேயிலை ஸ்டோரில் கொழுந்து இல்லை. டிரையர் அடுப்பு மட்டும் இன்னும் சூடு.

"மச்சான், இங்க மண்ணெண்ணெய் போத்தலக்கூட உள்ள விடமாட்டோம். தேயில எந்த வாடையையும் இழுத்துக்கும்."

"நாளைக்குக் கொழுந்து வர்றதுக்குள்ள எடுத்துடுறேன் ராஜு."

மறுக்கத் தெரியாதவன். பம்பர்களை அடுப்புப் பக்கம் சாய்த்து வைத்தோம். சாயங்காலம் தட்டிப் பார்த்தால் கல் மாதிரி. ஜன்னலெல்லாம் திறந்துவிட்டு, பம்பரைத் தூக்கிக்கொண்டு வந்தேன். முதுகு விட்டுப்போச்சு.

நவம்பர் 16, செவ்வாய்

பம்பர் வந்துவிட்டது, ரெசின் வாடை ஸ்டோரிலேயே தங்கிவிட்டது. நேற்றைய கொழுந்து முழுக்கப் பிடித்துக்கொண்டதாம். ருசி பார்த்த துரை துப்பிவிட்டாராம். தோட்டத்து லாரிக்காரர் சொன்னார். "டீமேக்கர ஆபீசுக்குக் கூப்பிட்டுருக்காங்க பாஸ்." அதற்கு மேல் அவருக்குத் தெரியவில்லை.

ராஜுவுக்கு வேலை போனால் தோட்டம் கொடுத்த குவார்ட்டர்ஸ் வீடும் போகும். அவன் பெண்டாட்டி நிறைமாதம். புஷ்பத்திடம் சொல்லத் தைரியமில்லை.

நவம்பர் 17, புதன்

முன் பம்பர் பொருந்தவில்லை. இடது முனை ஒரு விரல் தூக்கி நிற்கிறது. சூட்டில் முறுக்கிக்கொண்டது. ஓட்டையை அராவி, வாஷர் மேல் வாஷர். இறுக்கினால் விரிசல், விட்டால் ஆட்டம். பின்னது பரவாயில்லை.

மத்தியானம் ராஜுவைப் பார்க்கக் கிளம்பினேன். வழியில் மண்சரிவு. பஸ் திரும்பிவிட்டது, நானும்தான். சலித்துப் போய்விட்டது.

நவம்பர் 18, வியாழன்

துரை வந்தார். ஒருவழியாக மாட்டிய பம்பரைத் தடவினார். "சோக்கா இருக்கு பாஸ்." சிரித்த முகம். இதுதான் சமயம் என்று நினைத்துவிட்டேன், முட்டாள்.

"துரை, ராஜு மேல தப்பில்லீங்க. நான்தான் இந்தப் பம்பர ஸ்டோர்ல வச்சுக் காயப்போட்டேன். அவன வேலையவிட்டு நிறுத்திடாதீங்க."

"யார் நிறுத்தினது? புதுசா ஸ்டோர் கதவுக்கு அடிச்ச பெயிண்ட் வாடைன்னு சொன்னான். அடிக்கச் சொன்னதே நான்தான். அன்னைக்கே அத விட்டுட்டேன்."

அப்புறம் சிரிப்பு நின்றது. "அப்போ என்கிட்ட பொய் சொல்லியிருக்கான்."

என்னென்னவோ சொன்னேன். காலில் விழாத குறை. காதில் வாங்காமல் காரில் ஏறிப் போய்விட்டார்.

நவம்பர் 19, வெள்ளி

ராஜுவை நிறுத்திவிட்டார்கள். மாதக் கடைசிக்குள் குவார்ட்டர்ஸைக் காலி பண்ண வேண்டும். நேரே இங்கே வந்தான். திட்டினால்கூடத் தாங்கியிருப்பேன்.

"எல்லாம் முடிஞ்சு போயிருந்துச்சே மச்சான்," என்றான். கராஜுக்கு வேலைக்கு வா என்றேன்.

புஷ்பம் அவனுக்குச் சோறு போட்டாள். எனக்கும் போட்டாள். தட்டை வைத்துவிட்டுக் கேட்டாள்:

"உங்க மனசு இப்ப லேசாயிருச்சாங்க?"