லாலாங் புல் அடைத்த டயரில் அண்ணி வீட்டுக்கு

என் அருமை சவரிமுத்து அண்ணனுக்கு, உன் சைக்கிளையும் உன் வாய்த்துடுக்கையும் சேர்த்தே எடுத்துக்கொண்ட தங்கை எழுதிக்கொள்வது.

நீ இருக்கும் இடத்தில் சாலைகள் மேடு பள்ளம் இல்லாமல் இருக்கும் என்று நம்புகிறேன். இங்கே பழைய கதைதான். மழை பெய்தால் சேறு, வெயில் அடித்தால் செம்மண் புழுதி. உன் சைக்கிள் சுகமாக இருக்கிறது. மணி மட்டும் முன்பு போலவே, அடிக்க வேண்டிய நேரத்தில் அடிக்காமல் பள்ளத்தில் இறங்கும்போது தானாக அடித்துக்கொள்கிறது.

காய்ச்சல் உன்னைக் கொண்டுபோன பிறகு, அந்தச் சைக்கிளை யாருக்காவது கொடுத்துவிடு என்றார்கள். ஏன் கொடுக்க வேண்டும்? தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருத்துவச்சி வேலை பார்க்கிறவள் மாட்டு வண்டியை நம்பி உட்கார்ந்திருந்தால், வண்டி வந்து சேர்வதற்குள் பிள்ளை பிறந்து தவழ ஆரம்பித்துவிடும். சேலையை வரிந்து கட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் பின்னால் விழுந்து எழுந்து பழகினேன். குனோங் ராபாட் மலையடிவாரம் வரை தனியாகப் போய்த் திரும்பிய அன்று லயத்து வரிசை வீடுகளின் சனமெல்லாம் வாசலில் நின்று வேடிக்கை பார்த்தது. டிரஸ்ஸர் ஐயா மட்டும், "விழுந்தா நான்தான் கட்டுப் போடணும், பாத்துப் போம்மா" என்றார்.

இப்போது சைக்கிள் சந்தேகங்களெல்லாம் என்னிடம்தான் வருகின்றன. செயினுக்குத் தேங்காயெண்ணெய் விடலாமா என்று கேட்கிறார்கள். விடலாம், எறும்பும் புழுதியும் விருந்துக்கு வரும் என்கிறேன். மழையில் பிரேக் வழுக்குகிறது என்கிறார்கள். இறங்கித் தள்ளிக்கொண்டு போ என்கிறேன். மிதித்து வந்த களைப்புக்கு என்ன குடிப்பது என்று கேட்டால்தான் உன் ஞாபகம் வந்து சிரிப்பு பொத்துக்கொண்டு வருகிறது.

கள்ளு காலுக்குப் பலம் என்று நீ எத்தனை பேரிடம் பிரசங்கம் செய்திருக்கிறாய்! குடித்த பிறகு அந்தப் பலமான கால்கள் நேராக நடந்து நான் ஒரு நாளும் பார்த்ததில்லை. நான் சொல்வது நீராகாரம்தான். உப்புப் போட்டு, எலுமிச்சம்பழம் பிழிந்து, மூச்சு அடங்கிய பிறகு உட்கார்ந்து மெதுவாகக் குடிக்க வேண்டும். மூச்சு வாங்கும்போதே மடக் மடக்கென்று குடித்தால் வயிற்றைப் பிடிக்கும். நீ இருந்திருந்தால் இதற்கும் ஒரு சண்டை போட்டிருப்பாய்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். உனக்குத் தெரியாத செய்தி ஒன்று இருக்கிறது. நீ போனபோது அண்ணி முழுகாமல் இருந்தாள். அது அவளுக்கே பிறகுதான் தெரிந்தது. தலைப்பிரசவம் என்பதால் காம்பார் ஊருக்கு முன்னால் இருக்கிறதே, அவளுடைய அம்மா வீட்டுத் தோட்டம், அங்கே கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். உன்னை அடக்கம் செய்த அன்றுகூட அவள் வாய்விட்டு அழவில்லை, அண்ணா. அதற்குப் பிறகு பேச்சும் குறைந்தது, சோறும் குறைந்தது. தாயும் பிள்ளையும் எப்படிப் பிழைக்கப்போகிறார்களோ என்று நான் பயந்துகொண்டே இருந்தேன். வலி எடுத்ததும் சொல்லி அனுப்புங்கள், நான்தான் வருவேன் என்று சொல்லி வைத்திருந்தேன்.

போன வாரம் காலையில், அண்ணியின் தம்பி சின்னப்பன் ஈயச் சுரங்கத்து லாரியில் தொற்றிக்கொண்டு வந்து இறங்கினான்.

"விடிகாலையிலேருந்து எங்க அக்காவுக்கு வலி. அங்க உள்ள மருத்துவச்சிக் கிழவி காய்ச்சல்ல கெடக்கு. நீங்க வந்தாத்தான்லா ஆச்சு" என்றான். ஈப்போவில் டாக்டர் கிடைப்பாரா பார்க்கிறேன் என்று அதே லாரியில் ஏறி மறுபக்கம் போய்விட்டான். நான் பையைக் கட்டிக்கொண்டு சைக்கிளை எடுத்தேன்.

நம் தோட்டத்து எல்லையைத் தாண்டுவதற்குள் பின்சக்கரத்தில் ஆணி ஏறிவிட்டது. உன் தகரப் பெட்டியைத் திறந்தால் ஒட்டுப் போடுகிற பசை கருவாடாகக் காய்ந்து கிடக்கிறது. உனக்கு அப்போது விழுந்த திட்டைப் பரலோகத்தில் யாரும் கேட்டிருக்கக் கூடாது.

அந்த நேரம் பார்த்து, ரப்பர் மரத்தில் பால் வெட்டிக்கொண்டிருந்த காளிமுத்து அண்ணன் ஓடி வந்தார். உன்னுடைய கள்ளுக்கடைக் கூட்டாளியேதான்.

"பயப்படாத தங்கச்சி. மரத்துல பால் இருக்கு, ஒட்டிப்புடலாம்."

"அண்ணே, பச்சைப் பால் வெயில்ல நிக்காது. இளகிப் போயிரும்."

"ஊரு ஒலகத்துக்கே ரப்பர் குடுக்குறோம்லா! நம்ம டியூப்புக்கு ஒட்டாதா?"

நம் சனங்களுக்கு மட்டுமே வரக்கூடிய வீம்பு இது. வெட்டுவது நாம், உறைய வைப்பது நாம், அதனால் டயரைப் பற்றியும் நமக்குத்தான் தெரியும் என்று ஒரு நினைப்பு. நீயும் இதே வேலையைச் செய்து எத்தனை தடவை சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்தாய்? ஆனால் வேறு வழி இல்லை. அவர் கோப்பையிலிருந்த பாலை ஓட்டைமேல் தடவி, மேலே உறைந்த பாலை வைத்து அழுத்தி, ஊதி ஊதிக் காய வைத்தார். காற்றடித்தோம். நின்றது. காளிமுத்து அண்ணன் மீசையைத் தடவிக்கொண்டார்.

வெயில் ஏறுகிற வரைக்கும்தான் அந்த மீசைக்கு மரியாதை. மலையெல்லாம் பின்னால் போய், கைவிடப்பட்ட ஈயக் குட்டைகளும் வெள்ளை மணலுமாக இருக்கிற இடத்துக்கு வந்தபோது, புஸ்ஸென்று எல்லாம் போய்விட்டது. தொட்டுப் பார்த்தேன், அல்வாவாக இருந்தது. முன்னும் பின்னும் ஒரு வண்டி இல்லை. நடந்தால் மதியம் தாண்டிவிடும். அங்கே அண்ணி என்ன பாடுபடுகிறாளோ என்று நினைத்ததும் அழுகை வந்துவிட்டது. அழுதுகொண்டேதான் டயரைக் கழற்றினேன்.

சாலைக்கு இரண்டு பக்கமும் லாலாங் புல் இடுப்பளவு நின்றது. டியூப்பை உருவிக் கழுத்தில் மாட்டிக்கொண்டேன். உன் தகரப் பெட்டியில் கிடந்த கத்தியால் புல்லை அறுத்து, முறுக்கி, டயருக்குள் வைத்துத் திணித்தேன். மெத்தைக்குப் பஞ்சு அடைப்பதுபோல இடைவெளி இல்லாமல் அடைத்து, டயரை மாட்டினேன். விரலெல்லாம் கீறல். ஏறி மிதித்தால் எலும்பெல்லாம் இடம் மாறுகிறது, ஆனால் சக்கரம் ஓடுகிறது!

கொஞ்ச தூரத்தில் குட்டையோரம் ஈயம் அரித்துக்கொண்டிருந்த சீனப் பெண்கள் என்னைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தார்கள். பார்க்கிற மாதிரியா இருந்தேன்? கழுத்தில் டியூப் மாலை, டயரோரத்தில் புல் தாடி. அதில் ஒருத்தி கெண்டியிலிருந்து கறுப்பாக ஏதோ ஊற்றிக் கொடுத்தாள். வேப்பங்கொழுந்தைவிடக் கசப்பு. என் உபதேசத்தையெல்லாம் மறந்து, நின்றபடியே மடக் மடக்கென்று குடித்தேன். வயிற்றைப் பிடிக்கவில்லை, அண்ணா. "தெரிமா காசே" என்று மலாயில் நன்றி சொன்னேன். அவள் என் முதுகில் ஒரு தட்டுத் தட்டி அனுப்பினாள்.

நான் போய்ச் சேர்ந்தபோது லயத்தில் சத்தமே இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. தலைப்பிரசவக்காரி கத்த வேண்டாமா? உள்ளே அண்ணி பல்லைக் கடித்துக்கொண்டு, சுவரைப் பார்த்தபடி கிடந்தாள். வலி வருகிறது, போகிறது. அவள் முக்கவில்லை. உடம்பு இங்கே இருந்தது, மனசு வேறு எங்கோ இருந்தது. பிள்ளை இறங்க வேண்டிய இடத்தில் இறங்காமல் நின்றது. இன்னும் கொஞ்சம் போனால் இரண்டு உயிரும் என் கையில் இருக்காது என்று தெரிந்துவிட்டது.

"கத்துங்க அண்ணி, வாயத் தொறந்து கத்துங்க" என்றேன். தலையை ஆட்டினாள். கெஞ்சினேன். அவளுடைய அம்மா மாதாவைக் கூப்பிட்டாள். எனக்குக் கோபம் வந்துவிட்டது.

"எங்க அண்ணன்மேல கோவந்தானே? உங்கள விட்டுட்டுப் போனான்ல? அவனத் திட்டுங்க! பேரச் சொல்லித் திட்டுங்க!"

கட்டின புருஷன் பெயரை வாயால் சொல்லாத சனம் நாம். உனக்குப் பூசை வைக்கக் கோயிலில் சாமியார் கேட்டபோதுகூட, பக்கத்தில் இருந்தவர்தான் அவளுக்காக உன் பெயரைச் சொன்னார். அடுத்த வலி வந்தது. அண்ணி எழுந்து என் தோளைப் பிடித்துக்கொண்டு, லயமே அதிரும்படி கத்தினாள்.

"சவரிமுத்து! யோவ் சவரிமுத்து! என்ன விட்டுட்டு எங்கய்யா போனே!"

வெளியே நின்ற பெண்கள் வாயில் கை வைத்துக்கொண்டார்கள். அவளுடைய அம்மா, "அடிப்பாவி, புருஷன் பேரயா!" என்று அலறினாள். அண்ணி நிறுத்தவில்லை. ஒவ்வொரு வலிக்கும் ஒரு சவரிமுத்து. கூடவே நான் இங்கே எழுத முடியாத சிலதும் சொன்னாள். அழுதாள், திட்டினாள், முக்கினாள். கடைசிச் சவரிமுத்துக்கு உன் மகள் வெளியே வந்தாள், அவளும் கத்திக்கொண்டே.

ஆமாம், மகள். உன் மூக்கு. பாவம், என்ன செய்வது? சின்னப்பன் டாக்டரோடு வந்து சேர்ந்தபோது நாங்கள் மூன்று பேரும் கஞ்சி குடித்துவிட்டுத் தூங்கிக்கொண்டிருந்தோம். மூன்றாவது ஆள் கஞ்சி குடிக்கவில்லை, அவளுக்கு வேறு ஏற்பாடு இருந்தது.

உனக்குக் கேட்டதா, அண்ணா? அவ்வளவு சத்தம் போட்டாளே, அங்கே வரைக்கும் கேட்டிருக்க வேண்டுமே? கேட்கவில்லை என்றாலும் பரவாயில்லை. அவள் மனசின் பூட்டு திறந்துவிட்டது. இப்போது அண்ணி சாப்பிடுகிறாள், பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு, சவரிமுத்து இப்படித்தான் தூங்குவார், சவரிமுத்துக்கு இது பிடிக்காது என்று பெயர் சொல்லிச் சொல்லிப் பேசுகிறாள். அக்கம்பக்கத்துக் கிழவிகள் முகம் சுளிக்கிறார்கள். நான் அவர்களை ஒரு பார்வை பார்த்தால் போய்விடுகிறார்கள்.

உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். உன் முகத்தைப் பார்க்காத அந்தப் பிள்ளை, உன் பெயரைக் கேட்காமல் ஒரு நாளும் தூங்கப் போகாது. அண்ணி களைத்துப் போகிற நாளில் நான் மிதித்துக்கொண்டு போய்ச் சொல்லிவிட்டு வருவேன்.

இப்படிக்கு,
உன் மகளின் அத்தை,
ஞானம்மா