மலைக்கு ஒரு வானிலை அறிக்கை

ஸ்கந்தபுரம்,
மார்கழி, சனிக்கிழமை காலை.

அன்புள்ள மகள் வினோஜாவுக்கு,

நீயும் மருமகன் நிருஷனும் பேத்தியும் சுகம் என்று நம்பித்தான் எழுதத் தொடங்குகிறேன். நானும் அம்மாவும் சுகம். உங்கள் தேயிலைத் தோட்டத்துப் பக்கம் இரண்டு நாளாகப் போன் எடுபடவில்லை. அதனால் இதை லொறிக்காரச் சங்கிலியிடம் கொடுத்து விடுகிறேன். அவன் அங்கே அரிசி இறக்கி, மரக்கறி ஏற்றிக்கொண்டு திரும்பி வருவான். எட்டாம் வகுப்போடு பேனையை வைத்தவன் நான், எழுத்துப் பிழையைப் பொறுத்துக்கொள்.

முதலில் ஊர்ப் புதினம். வேலிக்கட்டையில் ஜாம் போத்தல் கட்டி, நீ விட்டுப்போன நகப்பூச்சால் கோடு போட்டு மழை அளக்கிறேன். போனில் காற்றுப் படம் பார்த்து ஊர் குரூப்பில் காலை அறிக்கையும் விடுகிறேன். போன மாதம் மழை இல்லை என்று நான் சொன்னதை நம்பி அப்புத்துரை அண்ணை வயலுக்கு யூரியா எறிந்தார். பின்னேரமே கொட்டித் தீர்த்தது. வீரபாகு, உன்ர கதையைக் கேட்டு வாய்க்காலுக்கெல்லோ பசளை போட்டனான் என்று தெருவில் நின்று என்னைப் பார்த்துக் கத்தினார். அதிலிருந்து நான் வெயில் என்றால் குடை எடுக்கிறார். அப்படிப்பட்ட நிபுணன் உன் அப்பன்.

நேற்று, வங்கக் கடலில் தாழமுக்கம், நத்தார்ப் பண்டிகையையொட்டி இங்கேயும் மழை, மலைப்பக்கம்தான் பெருமழை என்று அறிக்கை விட்டேன். எல்லாரும் சிரிப்பார்கள் என்று பார்த்துக்கொண்டு இருந்தேன். அப்புத்துரை அண்ணை மாடுகளை மேட்டுக்குச் சாய்த்துக்கொண்டு போனார். றேடியோவும் அதையே சொன்னதாம். அவர் சிரித்திருந்தால் இந்தக் கடிதம் எழுதியிருக்க மாட்டேன்.

மகள், போன கிழமை நீ பேசும்போது குசினிக் கதவு இறுகிப்போய்ச் சாத்த முடியவில்லை என்றாய். மழை ஈரத்தில் மரம் ஊதியிருக்கும் என்று நானும் சொன்னேன். அதோடு, வீட்டு நிலத்தில் ஓடிய வெடிப்பைச் சிமெந்து குழைத்து அடைத்தோம், திரும்பவும் வாய் திறந்துவிட்டது என்று சிரித்தாய். நானும் சிரித்தேன். போனை வைத்த பிறகுதான் யோசித்தேன். மரம் ஊதலாம், நிலம் ஏன் வெடிக்கிறது? லயத்து வீட்டு வரிசைக்குப் பின்னால் மண்மேட்டில் கசிகிற தண்ணீர் இப்போது தேத்தண்ணி நிறம் என்றும் நீதான் சொன்னாய். வானத்தைப் பார்க்கப் போனில் படம் இருக்கிறது. நிலத்துக்குக் கீழே பார்க்க என்னிடம் ஒன்றுமில்லை.

இங்கே குளம் நிரம்பினால் கதவு திறக்க முன் அறிவிப்பார்கள். முழங்கால் அளவு வரும்போதே பாயைச் சுருட்டலாம். மலைமண் சரியும்போது அப்படி அறிவித்துவிட்டு வராது. போன புயலில் மலையில் நடந்ததை நீ என்னைவிட அறிவாய். கலவர நேரம் உன் தாத்தா எங்களைக் கூட்டிக்கொண்டு மலையிறங்கியது மனிதருக்குப் பயந்து. மலைக்குப் பயப்பட வேண்டி வரும் என்று நான் நினைக்கவில்லை.

அம்மா பக்கத்தில் இருந்து, எனக்குச் சுகமில்லை எண்டு எழுதுங்கோ, அப்பதான் வருவாள் என்கிறா. எழுதக் கை வரவில்லை. இந்த முறை நான் எதைச் சொன்னாலும் பலித்துவிடுமோ என்று இருக்கிறது.

நிருஷனின் தம்பி கொழும்பிலிருந்து நத்தார் லீவில் வருவான், அவன் போன பிறகு வாறம் என்றாய். அவனை நேரே இங்கே வரச் சொல்லு. கிளிநொச்சிக்கு பஸ் இருக்கிறது, அவனுக்கும் பாய் இருக்கிறது. வருகிற வழியில் கிராம சேவகரிடம் வெடிப்பைப் பற்றிச் சொல்லு. லயத்துச் சனத்தைப் பள்ளிக்கூடத்துக்குப் போய்த் தங்கச் சொல்லு. கிறுக்கனுடைய மகள் என்று சொன்னால் சொல்லட்டும்.

லொறியில் முன்சீட்டு உனக்கும் பிள்ளைக்கும். மருமகனுக்குக் கோவா, கரட் மூட்டைகளுக்கு மேலே இடம் பிடித்திருக்கிறேன். மாமா புதிசாக என்ன அறிக்கை என்று அவர் கேட்பார். அறிக்கையைச் சொல்லாதே. மாமா பயந்துபோய் இருக்கிறார் என்று மட்டும் சொல்லு.

இதற்குப் பதில் எழுத வேண்டாம். சங்கிலி வாசலில் நிற்பான். உடுப்புக் கட்டவும் நிற்காமல் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஏறு, என் ராசாத்தி. கதவைச் சாத்த முடியாவிட்டால் அப்படியே விட்டுவிட்டு வா.

நீங்கள் மூவரும் மலையிறங்கும் வரை கடவுள் மழையைப் பிடித்து வைத்திருக்கட்டும்.

வழி பார்த்திருக்கும்,
அப்பா.