உங்கள் ஆஸ்பத்திரி ஃபைலை எடுத்துப்போகிறேன்

"என் சீக்கைக் காட்டியா அந்த நாட்டுக்குள்ள நுழையப்போற?"

"வேற எதைக் காட்டச் சொல்றீங்க? உங்களைப் பாத்துக்கிட்டு இங்கேயே இருந்த மூணு வருஷத்துலதானே அங்க தங்குறதுக்கான என் குடியிருப்பு அட்டை காலாவதியாச்சு?"

அதற்குத்தான் கைத்தடியை எடுத்துக்கொண்டு விறுவிறுவென்று வெளியே போய்விட்டீர்கள். டாக்ஸி வந்துவிட்டது. நாளைக் காலை அங்கே நம் மகளுக்கு ஆபரேஷன், இனிக் காத்திருக்க முடியாது.

ஃபைலிலிருந்து மாத்திரைச் சீட்டை மட்டும் உருவி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கிறேன். சாப்பாடு உள்ளே மூன்று டப்பாவில் இருக்கிறது, சூடு பண்ணாமல் சாப்பிடாதீர்கள். மாற்றுச் சாவி எதிர்வீட்டுத் தையல்காரம்மாவிடம்.

எல்லையில் அதிகாரி கேட்டால், "படுத்த படுக்கையா இருந்தவரை விட்டுட்டு எப்படிய்யா வர்றது?" என்பேன். "இப்ப மட்டும் எப்படிம்மா விட்டுட்டு வந்தீங்க?" என்று அவர் திருப்பிக் கேட்டால் இந்த ஃபைலையே மறுபடியும் அவர் முன்னால் நகர்த்துவேன்.

பி.கு. ஃபோனைச் சட்டைப் பையிலேயே வையுங்கள்.

இன்னொன்று. நீங்கள் படியிறங்கும்போது உங்கள் முதுகைப் பார்த்துக் கேட்டேன், காதில் விழுந்ததோ என்னவோ: "உள்ள விட்டா, அட்டையைப் புதுப்பிக்க ரெண்டு வருஷம் அங்கேயே கிடக்கணும். விடலேன்னா மக முகத்தைப் பாக்க முடியாது. நீங்க எதுக்கு வேண்டிக்குவீங்க?"