உறை பிரிக்காத முகமூடி

சார்,

மேற்கு மாம்பலத்தில் உங்கள் வீட்டுக் கார் ஷெட்டின் ஷட்டரை இன்று காலை நானும் மாமியும் சேர்ந்து தூக்கினோம். இரண்டு வருஷமாகப் பூட்டிக் கிடந்தது. துருப்பிடித்துப் பாதி வழியில் சிக்கி, கத்திக்கொண்டே ஏறியது. உள்ளேயிருந்து அந்த வாசனை வந்தது. தின்னரும், பெயிண்டை இறுக்குகிற ஹார்ட்னரும் கலந்த இனிப்பு வாசனை. காய்ந்து இத்தனை நாள் ஆன பெயிண்டுக்கு வாசனை இருக்கக் கூடாது. ஆனாலும் வந்தது. மாமி முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டார். நான் பொத்தவில்லை.

காரை அப்போதே இரும்புக் கடைக்குக் கொடுத்தாயிற்று. வீடு ஃபிளாட் கட்டுகிறவர் கைக்குப் போகிறது. "ஷெட்டுல இருக்கறது எது வேணும், எது குப்பைன்னு நேக்குத் தெரியலை பாய், வந்து பாருங்கோ" என்று மாமி போன் செய்தார். ஆதம்பாக்கத்திலிருந்து பஸ் பிடித்து வந்தேன். பின் சுவரில் பானெட்டின் உருவம் அப்படியே இருக்கிறது, சார். பானெட்டைக் கழற்றிக் கொக்கியில் மாட்டிப் பெயிண்ட் அடித்தோம் அல்லவா? அது மறைத்த இடம் வெறும் சுண்ணாம்புச் சுவர். சுற்றிலும் கிரீம் கலர் பனி மாதிரி படிந்திருக்கிறது. பக்கத்தில் நீங்கள் ஒட்டின தாளின் மேலும் அந்தப் பனிதான். அதிலிருக்கிற எழுத்தை இப்போது மாமியாலும் படிக்க முடியவில்லை.

அலமாரியின் மேல் தட்டில் அந்த அட்டைப் பெட்டி இருந்தது. மாமிதான் எடுத்தார். உள்ளே இரண்டு ரப்பர் முகமூடி. அவற்றில் திருகி மாட்டவேண்டிய, புகையை வடிகட்டுகிற வட்ட டப்பாக்கள் நாலும் ஒட்டின உறைக்குள் அப்படியே இருந்தன.

"பாய், இது பிரிக்கவே இல்லையே" என்றார் மாமி. "அவர் இதைப் போட்டுண்டுதானே அடிச்சார்?"

பெட்டியை வாங்கிக் கீழே வைத்தேன். பிறகு சொன்னேன்: "ஒரு பேப்பர், பேனா எடுத்துக்கினு வாங்க மாமி. உங்க மூஞ்சியப் பாத்து என்னால சொல்ல முடியாது. சாருக்கு ஒரு லெட்டர் சொல்றேன். நீங்க எழுதுங்க."

எனக்கு எழுதத் தெரியாது என்பது உங்களுக்குத் தெரிந்ததுதான். நான் பேசுகிற பேச்சை மாமி அழகான தமிழாக்கி எழுதிக்கொண்டிருக்கிறார். உங்கள் வேலை மேசையில், உங்கள் ஸ்டூலில் உட்கார்ந்து எழுதுகிறார். நான் சுவரைப் பார்த்துக்கொண்டு சொல்கிறேன்.

சார், உங்களை முதலில் பார்த்தது கிண்டியில் நான் வேலை செய்த பட்டறையில். உங்கள் அப்பா வைத்திருந்த பழைய காரை ஓட்டிக்கொண்டு வந்தீர்கள். இன்சூரன்ஸ் ஆபீஸ்காரர் என்றதும் எங்கள் முதலாளி முகம் சுருங்கியது. ஊரார் கேட்கிற இழப்பீட்டில் பொடி எழுத்தைக் காட்டி ஓட்டை கண்டுபிடிக்கிற வேலை உங்களுக்கு. அன்றைக்கு மட்டும் நீங்கள் எந்தத் தாளையும் பார்க்கவில்லை. நான் ஒரு மட்கார்டுக்குப் பெயிண்ட் அடிப்பதை வாசலில் நின்றபடி ஒரு மணி நேரம் பார்த்தீர்கள். அப்படித்தான் பழக்கமானோம். பிறகு நீங்கள் ரிட்டையர் ஆனீர்கள், நானும் வேலையை விட்டேன். ஒருநாள் ஆதம்பாக்கத்தில் என் வீட்டு வாசலில் வந்து நின்று, "இன்னா பாய், சும்மாதானே கீறீங்க?" என்றீர்கள். உங்கள் வாயில் எங்கள் பேச்சு வந்தால் என் பெண்டாட்டிக்குச் சிரிப்பு தாங்காது. "எங்காத்து ஷெட்டுலயே ஒவ்வொரு பார்ட்டா கழட்டி, ரெண்டு பேருமா அடிக்கலாம். நேக்குக் கத்துக்கணும்" என்றீர்கள்.

அன்றைக்கு முடியாது என்று சொல்லியிருக்க வேண்டும்.

வேலை தொடங்குமுன் சுவரில் தாள் ஒட்டினீர்கள். ஏழு வரி. எனக்கு அது ஏழு எறும்பு வரிசை. விரல் வைத்துப் படித்துக் காட்டினீர்கள். ஷட்டர் பாதியாவது திறந்திருக்க வேண்டும். காற்றை வெளியே தள்ளுகிற ஃபேன் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். ஸ்கூட்டரும் பெட்ரோல் கேனும் உள்ளே வரக் கூடாது. தின்னர் துணியை மூலையில் சுருட்டிப் போடக் கூடாது. முகமூடி இல்லாமல், பெயிண்ட் பீச்சுகிற கன்னைக் கையால் தொடக் கூடாது. இன்னும் இரண்டு இருந்தது.

"இன்னா சார், காருக்குப் பெயிண்டு அடிக்கப் போறோமா, ராக்கெட்டு உடப் போறோமா?" என்று கேட்டேன். நீங்கள் சிரித்தீர்கள். மாமியும் சிரித்தார், காபி டம்ளருடன் நின்றுகொண்டு.

அந்த ஏழில் முதலில் போனது ஷட்டர். தெருவில் மழைநீர்க் கால்வாய்க்குத் தோண்டிக்கொண்டிருந்தார்கள். அடிப்பூச்சாக அடித்த ஈரப் பிரைமரில் மண் வந்து ஒட்டியது. "மூடிடலாம் சார், இல்லாட்டி சொரசொரன்னு ஆயிடும்" என்றது நான். அடுத்தது ஃபேன். பின்வீட்டு மாடிக்காரர் ஜன்னலிலிருந்து கத்தினார்: "ஏன் சார், கைக்குழந்தை இருக்கற வீடு இது! உங்க ஃபேனு நேரா எங்க தொட்டிலுக்கு ஊதுது. மூட்டைப்பூச்சிக்கா மருந்தடிக்கறீங்க?" அவர் சொன்னதில் தப்பில்லை. நீங்கள் கைகூப்பி மன்னிப்புக் கேட்டுவிட்டு ஃபேனை நிறுத்தினீர்கள். அன்றைக்கு வேலையையும் நிறுத்தியிருக்கலாம். பெயிண்ட் கலக்கியாயிற்று, ஹார்ட்னர் ஊற்றியாயிற்று, விட்டால் டப்பாவிலேயே கல்லாகிவிடும் என்று சொன்னதும் நான்தான்.

மிஞ்சியது முகமூடி. பெட்டியைத் திறந்து வெறும் ரப்பரை முகத்தில் வைத்துப் பார்த்தீர்கள். "சொன்னேனே ராக்கெட்டுன்னு! சந்திரனுக்கே கெளம்பிட்டீங்களா?" என்றேன். நீங்கள் அதைக் கழற்றி, பெட்டிக்குள் இருந்த தாளை எடுத்துப் படித்தீர்கள். சத்தமில்லாமல் படித்தீர்கள். எல்லாவற்றையும் வாய்விட்டுப் படிக்கிறவர் அதை மட்டும் மனசுக்குள் படித்தீர்கள். படித்துவிட்டு என் முகத்தைப் பார்த்தீர்கள். தாளை நாலாக மடித்து உள்ளே வைத்து, பெட்டியை மேல் தட்டில் ஏற்றிவிட்டு, "விடுங்கோ பாய். உங்களுக்கு இல்லாதது நேக்கு மட்டும் எதுக்கு?" என்றீர்கள்.

அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்கு அப்போது புரியவில்லை. நான் முகமூடி போடுகிற ஆளில்லை, அதனால் சொல்கிறீர்கள் என்று நினைத்தேன். இன்று மாமி அந்தத் தாளைப் பிரித்துத் தமிழில் சொன்னார். தாடி இருந்தால் ரப்பர் முகத்தோடு ஒட்டாது, புகை உள்ளே வந்துவிடும், முகத்தை மழித்துக்கொண்டுதான் போட வேண்டும் என்று போட்டிருக்கிறது. சொல்லிவிட்டு மாமியும் என் முகத்தைப் பார்த்தார். அன்றைக்கு நீங்கள் பார்த்த அதே பார்வை.

ஒரு பாயிடம் தாடியை எடு என்று எப்படிச் சொல்வது என்று கூச்சப்பட்டீர்களா, சார்? சொல்லியிருந்தால் நான் கோபித்துக்கொண்டிருப்பேனா? தாடியை எடுத்திருக்க மாட்டேன், அது வேறு. ஆனால் ஷெட்டை விட்டு வெளியே வந்திருப்பேன். தெருவில் நின்றபடி சொல்லிக்கொடுத்திருப்பேன். நீங்கள் மாட்டிக்கொண்டு அடித்திருப்பீர்கள். இல்லையென்றால் காரை ஒழுங்கான பட்டறைக்கு அனுப்பியிருப்போம். பத்து வருஷம் என்னோடு ஒரே தட்டில் முறுக்குத் தின்றீர்கள். என் மகள் கல்யாணத்தில் முதல் பந்தியில் உட்கார்ந்தீர்கள். அந்த ஒரு வார்த்தை சொல்கிற அளவுக்கு என்னை நம்பவில்லை. இதற்கு மரியாதை என்று பெயர் வைத்துக்கொண்டீர்கள். அந்த மரியாதை எனக்கு வேண்டியிருக்கவில்லை, சார்.

என் பங்கையும் சொல்லிவிடுகிறேன். பட்டறையில் எங்கள் முதலாளி தினமும் ஆளுக்கொரு துண்டு வெல்லம் கொடுப்பார். வாயில் அதக்கிக்கொண்டு அடித்தால் பெயிண்ட் நெஞ்சில் தங்காது, வயிற்றுக்குள் இறங்கிவிடும் என்பார். முப்பத்தைந்து வருஷம் நம்பினேன். எங்களோடு இருந்த ஒருவன், இந்த ஹார்ட்னர் பெயிண்ட் வந்த பிறகு மூச்சு இழுத்து இழுத்து வேலையை விட்டுப் போனான். அவன் வெல்லம் தின்னாமல் ஏமாற்றியிருப்பான் என்று நாங்கள் பேசிக்கொண்டோம். முகமூடி வாங்கித் தராமல் ஒப்பேற்றத்தான் அந்த வெல்லம் என்று யாருக்கும் தோன்றவில்லை. அதையே உங்களுக்கும் சொன்னேன். "ஒரு துண்டு வெல்லம் போதும் சார், ஒண்ணும் ஆவாது. என்னைப் பாருங்க, கல்லு மாரி கீறேன்." படித்தவர், நீங்கள் என்னைத் திட்டியிருக்க வேண்டும். உள்ளே திரும்பி, "ஏய், பொங்கலுக்கு வாங்கின வெல்லம் இருக்கோ?" என்று குரல் கொடுத்தீர்கள்.

இந்த இடத்தில் மாமியின் பேனா நின்றுவிட்டது. அந்த வெல்லத்தைத் தட்டில் வைத்துக் கொண்டுவந்து கொடுத்தது அவர்தான். "மேல சொல்லுங்கோ" என்கிறார். சொல்கிறேன்.

பானெட்டுக்குக் கடைசிக் கோட்டை நீங்களே அடித்தீர்கள். ஒரு இடத்திலும் வழியவில்லை. "கண்ணாடி மாதிரி இருக்கு பாய், மூஞ்சி தெரியறது" என்று குனிந்து பார்த்தீர்கள். சாயந்திரம் இருமல் வந்தது. மறுநாள் நெஞ்சில் யாரோ உட்கார்ந்திருக்கிற மாதிரி இருக்கிறது என்றீர்கள். மாமி உங்களை டாக்டரிடம் அழைத்துப் போனார், நானும் கூட வந்தேன். டாக்டர் சின்ன வயசுக்காரர், பொறுமையாகக் கேட்டார். என்ன செய்தீர்கள்? பெயிண்ட் அடித்தேன். மாஸ்க் போட்டீர்களா?

நீங்கள் மாமியை ஒரு தடவை பார்த்தீர்கள். "போட்டுண்டுதான் அடிச்சேன்" என்றீர்கள்.

டாக்டர் என்னைப் பார்த்தார். நீங்களும் என்னைப் பார்த்தீர்கள். உண்மை தெரிந்தால் மாமி காரையே தொடவிட மாட்டார், இன்னும் நாலு கதவு பாக்கி. அந்தக் கண் கேட்டது அவ்வளவுதான்.

"ஆமா டாக்டர்" என்றேன். "நல்ல மாஸ்க்கு. சார் ரெண்டு வாங்கிவெச்சாரு."

அப்படியானால் தெருத்தூசியாக இருக்கும் என்று சொல்லி, வாயில் இழுக்கிற மருந்து எழுதிக் கொடுத்தார். இனிமேல் அந்தப் பெயிண்ட் பக்கம் போகாதீர்கள் என்று அவர் சொல்லவில்லை. எப்படிச் சொல்வார்? நாம் இருவரும் சேர்ந்து அவர் வாயை அடைத்துவிட்டோம்.

இரண்டு வாரத்தில் தெளிந்துவிட்டீர்கள். முன் கதவைக் கொக்கியில் மாட்டினோம். ஷட்டரை மூடியது நான். பத்து நிமிஷம்கூட ஆகவில்லை, கன் உங்கள் கையிலிருந்து விழுந்து தரையெல்லாம் கிரீம் கலர். வாய் திறந்திருக்கிறது, மூச்சு உள்ளே போகவில்லை. ஆட்டோவில் என் தோளில்தான் சாய்ந்திருந்தீர்கள். என் சட்டையைப் பிடித்திருந்த கையில் பெயிண்ட். மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் போய்விட்டீர்கள்.

அங்கே பெரிய டாக்டரம்மா எனக்குப் புரிகிற மாதிரி சொன்னார். அந்த ஹார்ட்னர் ஒரு தடவை நெஞ்சுக்கு ஒத்துக்கொள்ளாமல் போனால் உடம்பு அதை மறக்காதாம். மறுபடி துளி பட்டாலும் மூச்சுக்குழாய் மூடிக்கொள்ளுமாம். அதை வீட்டு ஷெட்டில் வைத்து அடித்திருக்கவே கூடாதாம். முதல் தடவையே தெரிந்திருந்தால் கிட்டேயே விட்டிருக்க மாட்டோம் என்றார். மாஸ்க் போட்டாரா என்று அவரும் கேட்டார். நான் வாயைத் திறக்குமுன் மாமி சொன்னார்: "போட்டுண்டுதான் டாக்டர் அடிப்பார். அவர் எல்லாம் படிச்சுத்தான் செய்வார்."

இரண்டு வருஷமாக வருகிறவர் போகிறவரிடமெல்லாம் மாமி அதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறார். "மாஸ்க் போட்டுண்டும் இப்படி ஆயிடுத்து. விதி." நான் பக்கத்தில் நின்று தலையாட்டியிருக்கிறேன். ஒரு தடவை இல்லை, பத்து இருபது தடவை.

மாமி, நீங்கள் கேட்டதற்கு இதுதான் பதில். சார் போடவில்லை. நானும் போடவில்லை. டாக்டரிடம் இரண்டு பேரும் பொய் சொன்னோம். உயிரோடு இருப்பது நான்.

சார், உங்கள் நுரையீரலைவிட எத்தனையோ மடங்கு பெயிண்ட் தின்ற நுரையீரல் என்னுடையது. மாடிப்படி ஏறுகிறேன், பஸ்ஸில் நின்றுகொண்டே வருகிறேன். ஒன்றும் ஆகவில்லை. கல்லு மாதிரி இருக்கிறேன் என்று உங்களிடம் பீற்றிக்கொண்டது இன்னும் உண்மையாகவே இருக்கிறது. அதைவிட எனக்கு வேறு தண்டனை வேண்டியதில்லை. வெல்லத்தை மட்டும் நீங்கள் போன அன்றைக்கே விட்டேன். பெருநாள் பாயசத்தையும் தொடுவதில்லை. சர்க்கரை வியாதி என்று வீட்டில் நினைத்துக்கொள்கிறார்கள்.

லெட்டரில் சொல்ல வேண்டியது முடிந்தது. இனி உள்ளதை மனசுக்குள்தான் உங்களிடம் சொல்கிறேன், சார். நான் பேச்சை நிறுத்தியும் பேனா ஓடிக்கொண்டிருந்தது. மாமி கடைசித் தாளைத் திருப்பிப் போட்டுப் பின்பக்கத்தில் ஏதோ எழுதினார். இரண்டு வரி இருக்கும். "இன்னா மாமி எழுதினீங்க?" என்று கேட்டேன். "அது அவருக்கு" என்றார். படித்துக் காட்டவில்லை. திட்டவும் இல்லை, அழவும் இல்லை. காபி வேண்டுமா என்றும் கேட்கவில்லை. இந்த வீட்டில் அது முதல் தடவை.

கீழே கைநாட்டு வைக்கச் சொல்கிறார். பேனா மையைத் தடவி அழுத்தி வைத்தேன். கோடு ஒன்றும் விழவில்லை, வெறும் நீலத் திட்டு. தின்னரில் கழுவிக் கழுவித் தேய்ந்த விரல், ரேஷன் கடை மிஷினுக்கும் என்னைத் தெரியாது. மாமி அதையே பார்த்துக்கொண்டிருக்கிறார்.

"லெட்டரை நீங்களே வெச்சுக்கோங்கோ. அந்தப் பெட்டியையும் எடுத்துண்டு போயிடுங்கோ. இந்த ஆத்துல வேண்டாம்" என்கிறார்.

எடுத்துக்கொண்டு போகிறேன், சார். ஆதம்பாக்கத்தில் படிக்கத் தெரிந்தவர்கள் வீட்டுக்கு வீடு இருக்கிறார்கள். முன்பக்கத்தை யாரிடமாவது கொடுத்து, நான் சொன்னதெல்லாம் இருக்கிறதா என்று ஒரு நாள் கேட்பேன். பின்பக்கத்தை யாரிடமும் காட்ட மாட்டேன். அன்றைக்கு நீங்கள் சத்தமில்லாமல் படித்து மடித்து வைத்தீர்களே, அதே மாதிரி நாலாக மடித்து, மேல் பையில் வைத்திருக்கிறேன். மூச்சு விடும்போதெல்லாம் நெஞ்சில் தட்டுகிறது.