முப்பத்தாறு தசம் எட்டு

அன்பு மகளே,

நீ விட்டுப்போன நாய் பிரவுணியின் வயிற்றில் குட்டிகள் இருந்தன. போன கிழமை தொட்டபோது உடம்பு சுட்டது. வெப்பமானி முப்பத்தெட்டரை காட்டியது. காய்ச்சலென்று பயந்து மிருக வைத்தியரிடம் தூக்கிக்கொண்டு ஓடினேன்.

"ஐயா, நாயளுக்கு உது சாதாரண சூடுதான். முப்பத்தொன்பதரையைத் தாண்டினால்தான் காய்ச்சல்" என்று அந்த வைத்தியப் பிள்ளை சிரித்தது.

எனக்கு ஆர்வம் பிடித்துவிட்டது. வீட்டிலுள்ள மற்றதுகளையும் அளந்து பார்த்தேன். ஆட்டுக்கு முப்பத்தொன்பது. கோழிக்கு நாற்பத்தொன்றரை! "உந்த வெப்பமானியை இனி என்ரை வாய்க்குக் கிட்டக் கொண்டு வராதேங்கோ" என்கிறாள் அம்மா.

நேற்றுக் காலை பிரவுணிக்கு முப்பத்தாறு தசம் எட்டுத்தான். சாகப்போகிறாள் என்று பதறி வைத்தியருக்குப் போன் எடுத்தேன்.

"பயப்பிடாதேங்கோ. குட்டி போட முதல் சூடு இறங்கும். ஒரு நாளுக்குள்ளை போட்டிடுவாள்."

பின்னேரம் நான்கு குட்டிகள் பிறந்தன.

"மனிசருக்கும் உப்பிடியோ?" என்று வைத்தியரிடம் கேட்டேன். இல்லையாம்.

நீ பிள்ளைத்தாச்சி என்பதைக் கோயிலில் யாரோ சொல்லித்தான் அறிந்தேன். கலியாணத்துக்கு வராத தகப்பனுக்கு நீ எதுவும் சொல்லத் தேவையில்லை. ஆனாலும், பிள்ளை பிறக்குமென்று உன் வைத்தியர் குறித்துத் தந்த திகதியை ஒரு வரி எழுது. நாங்கள் இரண்டு பேரும் பஸ் ஏறி வருவோம்.

அப்பா