ரீவியில் டொக்டர்

வோபர்ன்
3 பெப்ரவரி 2024

என் செல்லத் தங்கச்சி நிரூபாவுக்கு,

முதலில் ஒரு வெட்கக்கேட்டைச் சொல்லி முடிக்கிறேன். இந்தக் கட்டடத்தில் ஏழு வருடமாக நீ உண்மையான டொக்டர்.

நடந்தது இதுதான். ஒன்பதாம் மாடிக் குணவதி அன்ரி நம் வீட்டுக்கு வந்தபோது, நீ வெள்ளைக் கோட்டோடு நிற்கிற படத்தைச் சுவரில் பார்த்துவிட்டா. "தங்கச்சி டொக்டரோ பிள்ளை?" என்று கேட்டா. "ஓம் அன்ரி, ரீவியில டொக்டர்" என்றேன். அவவுக்கு ஒரு காது மந்தம். ரீவியை இங்கேயே விட்டுவிட்டு டொக்டரை மட்டும் ஒன்பதாம் மாடிக்குக் கொண்டுபோனா. திருத்த வாய் திறந்தேன். "அம்மா இருந்திருந்தா எவ்வளவு சந்தோசப்பட்டிருப்பா" என்று என் கையைப் பிடித்தா. வாயை மூடிக்கொண்டேன். அன்றிலிருந்து அவவுக்குப் பிரஷர் ஏறினால் உன்னிடம் கேட்டுச் சொல்லச் சொல்லுவா. உப்பைக் குறையுங்கோ, நடவுங்கோ என்று நானே சொல்லிவிடுவேன்.

இப்போது ஏன் சொல்கிறேன் என்றால், போன கிழமை கதையில் உன் டொக்டரைச் சாகடித்துவிட்டார்களே. அன்ரியின் மகள் துர்க்கா அதைப் பார்த்துவிட்டு, "ஐயோ, நிரூபா செத்துட்டா" என்று யாருக்கோ போனில் சொல்லியிருக்கிறாள். அடுத்த அரை மணித்தியாலத்தில் அன்ரி ஒரு சட்டி புட்டோடு என் வாசலில். செத்த வீட்டில் அடுப்பு மூட்டக் கூடாதல்லவா. கட்டிப்பிடித்து அழுதா. "சாகேல்ல அன்ரி, வேறை ஆஸ்பத்திரிக்கு மாறிட்டா" என்றேன். வாய் தானாகச் சொல்லிவிட்டது. புட்டு நல்ல புட்டு.

போனில் நீ "ஷொட் ரெடி அக்கா" என்று வைத்துவிடுகிறாய். கடிதத்தை அப்படி வைக்க முடியாது. அதனால்தான் எழுதுகிறேன். எழுத்துப் பிழையைப் பார்த்துச் சிரிக்காதே.

உன் அக்கா
மங்கையற்கரசி


லொஸ் ஏஞ்சலஸ்
17 பெப்ரவரி 2024

அன்பான அக்காவுக்கு,

முதல் தரம் வாசிக்கும்போது மேக்கப் கலையும் வரை சிரித்தேன். இரண்டாம் தரம் சிரிப்பு வரவில்லை.

இது எனக்குப் பதினாறாவது வருடம் அக்கா. முதல் வேலை பிணம். ஒரு பொலிஸ் தொடரில் நாலு மணித்தியாலம் மூச்சடக்கிக் கிடந்தேன். பிறகு தரை துடைக்கிற மருந்துக்கு விளம்பரம். பிறகு மூன்று தொடர்களில் கடைக்காரரின் மகள். பிறகுதான் இந்த டொக்டர். ஒரே நாள், ஒரே வசனம், "இரத்த ரெஸ்ட் முடிவு வந்திட்டுது" என்று சொல்வதற்குத்தான் கூப்பிட்டார்கள். அந்த ஒரு வசனத்தை நான் சொன்ன விதம் பிடித்து ஏழு வருடம் வைத்திருந்தார்கள். இதெல்லாம் டொக்டர் செய்த வேலை இல்லை, நடிகை செய்த வேலை. அந்தச் சொல்லை நீங்கள் ஒருநாளும் சொன்னதில்லை. என் கலியாணத்தில்கூட "அவ கலிபோர்னியாவில வேலை" என்றுதான் சொன்னீர்கள்.

இன்னொரு விஷயம். புதுத் தொடர் ஒன்று வந்திருக்கிறது. முதன்முறையாகக் கதை முழுக்க நான். என் பெயர்தான் முதலில் வரும். அவள் விமான நிலையத்துக்குப் பக்கத்தில், விமானத்தில் கொடுக்கிற சாப்பாட்டுத் தட்டு அடுக்கிற பெண். யாரை நினைத்து நடிப்பேன் என்று உங்களுக்குத் தெரியும். மிசிசாகாவில் இருபத்திரண்டு வருடம் தட்டு அடுக்கிய என் அக்காவை. ஆனால் தங்கச்சி நடிகை என்று சொல்லவே வெட்கமென்றால், உங்களை எல்லாருக்கும் முன்னால் எப்படி நடித்துக் காட்டுவேன்? மார்ச் இருபதுக்குள் கையெழுத்துப் போட வேண்டும். நீங்கள் வேண்டாம் என்றால் போட மாட்டேன். கோபத்தில் எழுதவில்லை. உண்மையாகக் கேட்கிறேன்.

நிரூ


வோபர்ன்
2 மார்ச் 2024

நிரூ,

கடிதத்தை பஸ்ஸில் வாசித்தேன். இறங்க வேண்டிய இடம் போய்விட்டது.

நீ சின்னனில் பள்ளிக்கூடம் போகாமல் காய்ச்சல் என்று சுருண்டு படுத்தால் நான் என்ன சொல்லுவேன்? "நடிக்காதை, எழும்பு." நடிப்பு என்றால் என் வாயில் அது ஒன்றுதான், ஏசுகிற சொல். அம்மா போன பிறகு உன்னை வளர்த்தது அந்த வாய்தான். ஐந்தாம் வகுப்போடு நின்றவளுக்கு டொக்டர் என்பது சுகமான சொல். சொன்னால் மேலே கேள்வி வராது. நடிகை என்றால் என்ன உடுப்பு, யாரோடு, எவ்வளவு காலம் என்று வரும். எனக்குப் பதில் சொல்லத் தெரியாது. வெட்கம் உன்னில் இல்லையடி. என் வாயில்தான்.

நேற்று வேலை முடிந்து நேரே ஒன்பதாம் மாடிக்குப் போனேன். அன்ரியின் நல்ல காதுப் பக்கமாக இருந்துகொண்டு, "அன்ரி, என்ர தங்கச்சி டொக்டர் இல்லை. நடிகை" என்றேன்.

அவ நிமிர்ந்து இருந்தா. "அப்ப என்ர பிரஷருக்குப் புத்தி சொன்னது ஆர்?"

"நான்தான்."

"உம்மட புத்தியிலயே நான் ஏழு வருசம் உயிரோட இருக்கிறன்?"

"ஓம் அன்ரி."

"விசரி. இந்தக் கட்டடத்தில டொக்டர்மார் நாலு பேர் இருக்கினம். லிஃப்ற்றில கண்டாலும் ஒருத்தர் சிரிக்கிறேல்ல. நடிகை ஒருத்தரும் இல்லை. கிடைச்ச ஒண்டையும் ஒளிச்சு வைச்சிருக்கிறீர்."

பிறகு உன் தொடரைப் போடச் சொன்னா. ஒரு எழுத்து இங்கிலீஷ் விளங்காமல் மூன்று பாகம் பார்த்தா. "பெட்டை கண்ணால கதைக்கிறா" என்றா. ஏழு வருடம் உன்னைப் பார்த்த எனக்கு அதைச் சொல்லத் தெரியவில்லை. இப்போது சொல்கிறேன். நீ கண்ணால் கதைக்கிறாய்.

கையெழுத்தைப் போடு. ஆனால் ஒழுங்காகச் செய். தட்டு அடுக்கும்போது ஒருத்தியும் சிரிப்பதில்லை, அது குளிர் அறை. இரண்டு சோடி சொக்ஸ். முடி விழாமல் போடுகிற தலைவலை காதை மூட வேண்டும், இல்லாவிட்டால் சுப்பவைசர் கத்துவான். பணிசு ரொட்டி இடப்பக்கம், கிண்ணம் வலப்பக்கம், கை பார்க்க வேண்டும், கண் பார்க்கக் கூடாது. கண் மணிக்கூட்டில் இருக்க வேண்டும். பிழையாகச் செய்தாயென்றால் எங்கள் ஷிஃப்ட் முப்பது பேரும் உனக்கு எழுதுவோம்.

மங்கை அக்கா


லொஸ் ஏஞ்சலஸ்
19 மார்ச் 2024

அக்கா,

போட்டுவிட்டேன். பேனையைத் திருப்பிக் கொடுக்க மறந்து கையோடு கொண்டுவந்துவிட்டேன். நடிப்பு இல்லை.

டைரக்டர் நான் சிரித்தபடி அடுக்கினால் வடிவு என்றார். நடிகையின் அக்கா சம்மதிக்க மாட்டா என்றேன். உங்கள் கடிதத்தை வரி வரியாக இங்கிலீஷில் சொன்னேன். இனி எங்கள் செற்றில் எல்லாருக்கும் இரண்டு சோடி சொக்ஸாம். ஒக்ரோபரில் வருகிறது. குணவதி அன்ரிக்கு என் முத்தம். உப்பைக் குறைக்கச் சொல்லுங்கள்.

உங்கள் நடிகை


வோபர்ன்
20 ஒக்ரோபர் 2024

என் நடிகைக்கு,

நேற்றுக் கட்டடத்தின் பார்ட்டி ஹோலில் உன் முதல் பாகத்தைப் போட்டோம். துர்க்கா ஆபீசில் கேட்டு புரொஜெக்டர் கொண்டுவந்தாள். அறுபத்தொரு பேர். எங்கள் ஷிஃப்ட் பெண்கள் ரெக்ஸ்டேலில் இருந்துகூட வந்தார்கள். அன்ரி கூறைச் சேலை உடுத்துக்கொண்டு முன் வரிசையில். நாலு டொக்டர்மாரில் இரண்டு பேர் வந்தார்கள், பின்னால் இருத்தினோம்.

நீ தலைவலையைக் காது மூட இழுத்ததும் எங்கள் பெண்கள் கை தட்டினார்கள். கண் மணிக்கூட்டில், கை தட்டில். என் தோள் வலப்பக்கம் சரிகிறதே, அதையும் எடுத்துவிட்டாய், கள்ளி. எப்போது பார்த்தாய்? இத்தனை வருடம் என்னை யாரும் பார்க்கவில்லை என்றல்லவா நினைத்துக்கொண்டிருந்தேன்.

அதற்கு முதல், உன் பெயர் தனியாக, பெரிதாக வந்தபோது என்னால் இருக்க முடியவில்லை. எழும்பி நின்று, சனத்தைத் திரும்பிப் பார்த்து, "இது என்ர தங்கச்சி, நடிகை" என்று சத்தமாகச் சொன்னேன். எல்லாரும் என் பக்கம் கையைக் காட்டினார்கள். நானும் கையைக் காட்டினேன். நான் புரொஜெக்டருக்கு முன்னால் நின்றிருக்கிறேன். உன் பெயர் என் பிளவுஸில்தான் விழுந்ததாம். சுவரில் என் கொண்டையின் நிழல் மட்டும் தெரிந்ததாம்.

அக்கா
மங்கையற்கரசி