தூளிக்கு அடியில் கோதடி

தருண்,

நீ தூங்குகிறாய், என் ஆபீஸ் கேப் வந்துகொண்டிருக்கிறது. அதனால் எழுதி வைக்கிறேன். டப்பாவில் புளியோதரை இருக்கிறது, ராத்திரிக்கும் தாங்கும். மலைக்குக் கிளம்பும்போது சாவியைப் பக்கத்து வீட்டு ராஜஸ்ரீ அக்காவிடம் கொடு.

"ஸ்லீப்பிங் பேக் சைபர் டிகிரி தாங்கும்னு போட்டிருக்கு, உனக்கென்ன தெரியும்" என்று நேற்று கேட்டாய். தெரியாததால்தான் காலை ஐந்து மணிக்கு, பால்கனியில் நீ ஹேமக் என்று கட்டி வைத்திருக்கும் தூளியில், அந்தப் பைக்குள் நுழைந்து படுத்துப் பார்த்தேன். மேலே கதகதப்பு, முதுகு மட்டும் விறைத்துப்போனது. படுத்தவுடன் அடிப்பக்கத்துப் பஞ்சு நசுங்கிவிடுகிறது. கீழே வெறும் காற்று. போன டிசம்பரில் ராஜ்மாச்சி மலையில் இதே தூளியில் படுத்துவிட்டு முதுகைப் பிடித்துக்கொண்டு வந்தாயே, இதுதான் காரணம்.

ராஜஸ்ரீ அக்கா பழைய புடவைகளை அடுக்கித் தைத்துக் கொடுத்த கோதடிப் போர்வையின் நாலு மூலையிலும் நாடா வைத்துத் தைத்திருக்கிறேன். அதைத் தூளிக்குள் விரிக்காதே. வெளியே, அடியில், தொட்டும் தொடாமலும் கட்டு. இழுத்துக் கட்டினால் அதுவும் நசுங்கும். மலையில் எட்டு டிகிரிதான் என்கிறார்கள், பையோடு இது ஒன்று போதும். பஞ்சு வைத்த ரஜாய்ப் போர்வையும் சேர்த்தால் வியர்க்கும்.

நேற்றைய கோபம் அப்படியே இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை நீ வந்ததும் வைத்துக்கொள்கிறேன்.

பார்கவி

டிகாக்‌ஷன் போடவில்லை. கோதடி போதுமா என்று பார்க்கப் படுத்தவள் ஏழு மணிவரை தூங்கிவிட்டேன்.

இன்னொன்று. எழுந்தபோது என் தலையில் உன் குரங்குக் குல்லா இருந்தது. தூங்குகிற மாதிரி நடித்தது போதும். கேப் ட்ராஃபிக்கில் நிற்கிறதாம், அரை மணி ஆகும். எழுந்து டிகாக்‌ஷன் போடு, இரண்டு டம்ளருக்கு.